நான் கொரியாக்காரராக்கிய மனிதர்

ஒரு மனிதன் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டால் எந்த மொழியில் கத்துகிறானோ, அந்த மொழியின் நாடுதான் அவனுடைய நாடு என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் டீ நேரத்தில் இதை என் சொந்தக் கண்டுபிடிப்பாக இரண்டு மூன்று முறை சொல்லியும் இருக்கிறேன். யாரும் மறுக்கவில்லை. நான் பிரிவு அதிகாரி. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் என் பிரிவில் வேலை பார்ப்பவர்கள். இந்தக் கண்டுபிடிப்பின் பலத்தில்தான், என் வீட்டு மாடியறைக்குக் குடிவந்த ஒருவரை அரசாங்கப் படிவத்தில் கொரியாக்காரர் என்று எழுதினேன்.

பலம் என்றா சொன்னேன்? பயம். கண்டுபிடிப்பு பின்னால் வந்து அதற்கு முட்டுக்கொடுத்தது.

வீடு தில்லியில், முனிர்க்காவில் இருக்கிறது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த எனக்கு, அப்பா விட்டுப்போன ஒரே ஆடம்பரம் அது. கீழே நாங்கள் மூன்று பேர். மேலே மொட்டை மாடியில் ஓர் ஒற்றை அறை. அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தவள் என் மகள். கல்லூரியில் அவள் படிப்பது பொருளாதாரம். உண்மையில் படிப்பது கொரிய மொழி. தமிழில் கடைப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், கொரிய எழுத்தில் பக்கம் பக்கமாக நோட்ஸ் எடுப்பாள். சஃப்தர்ஜங் பக்கம் ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடை. அதை நடத்தும் கொரியப் பெண்மணியோடு பேசிப் பேசியே அவள் மொழியைத் தீட்டிக்கொண்டாள். அந்தக் கடைக்காரம்மாவின் சமையற்காரருக்குத்தான் அறை வேண்டியிருந்தது.

"ரொம்ப ஷரீஃப் ஆளுப்பா, டீசன்ட் டைப். சத்தமே வராது," என்றாள் மகள்.

"எல்லா வாடகைக்காரனும் வர்றப்ப சத்தம் இல்லாமதான் வருவான்."

"அஜஷி அப்படி இல்ல. ப்ராமிஸ்." அஜஷி என்றால் கொரியாவில் மாமா மாதிரி. அவளுக்கு நிஜமான மாமா மூன்று பேர் திருநெல்வேலியில் இருக்கிறார்கள். அவர்களை அவள் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சாமான் என்று பார்த்தால் ஒரு பெட்டி, துணியில் சுற்றிய இரண்டு கத்திகள், இவ்வளவு பெரிய இரும்பு வாணலி ஒன்று. என்னை 'ஸாஜங்நிம்' என்று கூப்பிட்டார். முதலாளி என்று அர்த்தமாம். என்னை முதலாளி என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர்தான். அந்த மயக்கத்திலேயே பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினேன்.

வெளிநாட்டவருக்கு வீடு கொடுத்தால் வீட்டுக்காரன் ஒரு நாளுக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எனக்கா கஷ்டம்? இருபத்தாறு வருஷமாகப் பிறர் நிரப்பிய படிவங்களில் ஒன்றுக்கொன்று ஒவ்வாததைக் கண்டுபிடித்து, சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பாஸ்போர்ட்டுக்குப் பச்சை அட்டை. மேல் வரியில் 'சீனக் குடியரசு'. கீழ் வரியில் 'தைவான்'.

என் கண் கீழ் வரிக்கும் போயிற்று. உயிர் மேல் வரியிலேயே நின்றுவிட்டது.

வடக்கே எல்லையில் சீனாவோடு கைகலப்பு நடந்து, ஆட்கள் செத்து, அந்தச் சூடு ஆறாமல் இருந்த காலம். எங்கள் காலனி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் சீன போனைச் சுத்தியலால் உடைத்து வீடியோ போட்டிருந்தார். அதற்கு நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். சுத்தியலுக்குக் கைகூப்பியவன் மாடியில் ஒரு முழுச் சீனரையே வைத்திருக்கிறான் என்று தெரிந்தால்?

"சீனாவா?" என்றேன். குரல் உள்ளிருந்து வராமல் எங்கேயோ பக்கத்திலிருந்து வந்தது.

அவர் பொறுமையாகத் தலையை ஆட்டினார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஹிந்தி. அவருடையது கடைச் சமையலறையில் நேபாள ஆட்களிடம் கற்றது. "பைதா கொரியா," என்றார். பிறந்தது கொரியா. "தாதா," அதாவது தாத்தா, "சீனா. பாஸ்போர்ட் தைவான்."

"தைவான்ல எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"வருஷம் இல்லை. எட்டு நாள்." பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப் போனார்களாம்.

மிச்சத்தை மகள் கொரிய மொழியில் கேட்டுச் சொன்னாள். அவருடைய தாத்தா சீனாவின் ஷான்டோங்கிலிருந்து படகில் கொரியாவின் இஞ்சியோன் துறைமுகத்துக்குப் பிழைக்க வந்தவர். பிறகு சீனாவில் ஆட்சி மாறி, வந்த வழி அடைபட்டுவிட்டது. பழைய அரசாங்கம் தைவானுக்குப் போய் உட்கார்ந்தது. கொரியாவில் இருந்த இந்தச் சீனர்களுக்கு அந்த அரசாங்கம்தான் பாஸ்போர்ட் கொடுத்தது, பள்ளிக்கூடப் புத்தகமும் அனுப்பியது. இவர் அப்பா கொரியாவில் பிறந்தார். இவரும் பிறந்தார். இருந்தும் இரண்டு பேருமே கொரியக் குடிமக்கள் இல்லை. வெளிநாட்டவர் என்று ஒரு குடியிருப்பு அட்டை உண்டு. தைவானிலோ குடும்பப் பதிவு இல்லை, அதனால் அங்கே உள்ளவர்களுக்கு இருக்கும் அடையாள எண்ணும் இல்லை. பாஸ்போர்ட் மட்டும் உண்டு.

"அப்ப எந்த நாடுன்னு எழுதறது?"

"தைவான்தான். கிளியரா போட்டிருக்கே."

"போலீஸ்காரன் வந்தா மேல் வரியத்தானே முதல்ல படிப்பான்?"

"அப்பா, சீரியஸ்லி?" என்று கேட்டுவிட்டு, அவருக்கு அறையைக் காட்டப் போய்விட்டாள்.

படிவத்தில் நாடுகளின் பட்டியல் திறந்தது. சீனா இருந்தது, தைவான் இருந்தது. கொரியாவும் இருந்தது, எந்தச் சண்டையிலும் சம்பந்தப்படாமல், மகளுக்குப் பிடித்த நாடாக. அழுத்தினேன். போயே போய்விட்டது. கால் மணி நேரம் கழித்து மாடிப்படியில் வாணலியோடு ஏறியவர் கட்டைவிரலை இடித்துக்கொண்டு கொரிய மொழியில் கத்தினார். மகள் ஓடிவந்து, அது கெட்ட வார்த்தை என்று சிரித்தாள். எனக்கு அது ஒரு சான்றிதழ் மாதிரி இருந்தது. பார்த்தாயா, நான் எழுதியது பொய்யே இல்லை!

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் எனக்குப் படிவம் நினைவிலேயே இல்லை. என் மகள் சொன்னது போலவே அவர் சத்தமில்லாத ஆள். காலை பதினொரு மணிக்கு, கடைக்குக் கிளம்பும் முன், மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் செய்வார். அம்மா இஞ்சியோனில் தனியாக இருந்தார். வேறு பிள்ளை இல்லை. அந்த நேரம் மட்டும் ஷான்டோங் பேச்சும் கொரியப் பேச்சும் கலந்து அடிக்கும் உரத்த குரல், கீழே துணி உலர்த்தும் என் மனைவிக்குக் கேட்கும். அவள் திருநெல்வேலிக்காரி, தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு சொல் புரியாமலேயே அந்த உரையாடலை எனக்கு மொழிபெயர்ப்பாள்.

"சாப்ட்டியாங்காவ. சாப்ட்டேங்காரு. எப்ப வாரேங்காவ. வாரேன் வாரேங்காரு. எல்லா அம்மையும் இதத்தான் கேக்கா."

ஒருமுறை அவர் எங்களைக் கடைக்குக் கூப்பிட்டுக் கறுப்பு அவரை விழுது போட்ட நூடுல்ஸ் கொடுத்தார். எனக்கு அது கறுப்பாக இருந்தது என்பதற்கு மேல் கருத்துச் சொல்லத் தகுதி இல்லை. பக்கத்து மேசையில் கொரியர்கள் நால்வர் அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் பள்ளி முடிந்த நாளில் வாங்கித் தரும் சீனச் சாப்பாடு என்று மகளிடம் ஒருவர் விளக்கினார். ஜன்னலோரம் ஒரு தைவான் பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். நொய்டாவில் மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். ஞாயிறு தவறாமல் வருகிறவர். எங்கள் ஊரில் இப்படி ஒரு பண்டமே கிடையாது, இது கொரியச் சாப்பாடு என்றார் அவர். சமைத்தவர் இரண்டு மேசைக்கும் நடுவில் முள்ளங்கி ஊறுகாய் வைத்துக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் அவரவர் மொழியில் பதில் சொன்னார். இரண்டு பக்கமும் அவரை அடுத்த மேசைக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

நான் சிரித்தேன். அப்பாவின் ஊரான கும்பகோணத்தில் என்னை ஹிந்திக்காரன் என்பார்கள், இங்கே மதராஸி என்பார்கள், நாமும் இதே ஜாதிதான் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். அது எவ்வளவு மட்டமான ஒப்பீடு என்று அப்போது உறைக்கவில்லை. என்னை யார் என்ன சொன்னாலும், ரயில் ஏறி இரண்டு ஊருக்கும் போகலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அந்த வருஷம் மழை முடியும் சமயத்தில் அவர் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். முதியோர் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். இனிமேல் எழுந்து நடப்பது சந்தேகம் என்றார்கள். அவர் கடை வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய் அம்மாவோடு இருப்பது என்று முடிவு செய்தார். அதில் ஒரு கெடு இருந்தது. வெளியே போன குடியிருப்பு அட்டைக்காரர் இரண்டு வருஷத்துக்குள் ஒரு தடவையாவது கொரிய மண்ணில் கால் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அட்டை செத்துவிடும். கடையில் வேறு சமையற்காரர் இல்லாததால் அவர் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார். தள்ளிப்போட இருந்த சின்னச் சலுகையையும் வாங்கித் தீர்த்திருந்தார். தீபாவளி கழிந்து பத்தாம் நாள் கடைசி நாள். அதற்குள் போய் இறங்கினால் அம்மா இருக்கும்வரை கூட இருக்கலாம். தாண்டினால், பிறந்த ஊருக்கே விருந்தாளியாகப் போய், கொடுத்த நாள் முடிந்ததும் கிளம்ப வேண்டும்.

நேரம் தாராளமாக இருந்தது. தசரா விடுமுறை முடிந்த புதன்கிழமை, கையில் ஒரு தாளோடு அவர் என் கதவைத் தட்டினார்.

இந்திய விசாவை நீட்டிக்க அவர் முன்பே விண்ணப்பித்திருந்தார். பழைய விசா காலாவதியாகி, விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. இப்போது அது திரும்பி வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் தைவான், வீட்டுக்காரர் கொடுத்த படிவத்தில் கொரியா. பொருந்தவில்லை, சரிசெய்து மறுபடி அனுப்பவும். அதுவரை விசாவும் இல்லை, விசா இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்ட வேண்டும் என்றால் தனியாக வெளியேறும் அனுமதி வேண்டும், அதற்கும் அதே படிவம்தான் வேண்டும்.

அந்தத் தாளை எழுதியவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானாக இருந்தால் அதே வார்த்தைகளில் அதைத்தான் எழுதியிருப்பேன். சிவப்பு வட்டம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கும்.

"ஸாஜங்நிம், இது என்ன தப்பு?" என்று கேட்டார்.

"சின்ன விஷயம். நான் பாத்துக்கறேன். ஹோ ஜாயேகா," என்றேன். ஆகிவிடும் என்பதற்கு தில்லியில் அதுதான் சொல். யார் செய்வார்கள், எப்போது என்பதையெல்லாம் அது சொல்லாது.

கெடுவுக்கு அன்றிலிருந்து சரியாக முப்பது நாள். அதில் முதல் பதினொரு நாளை நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள், கம்ப்யூட்டரில் நான் போய்வந்த பக்கங்களின் வரலாற்றையெல்லாம் அழித்தேன். ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய குற்றத்துக்கு. இரண்டாம் நாள், வேறொரு அமைச்சகத்தில் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் இருக்கும் பழைய நண்பனைப் பார்க்கப் போய், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், அரசாங்க ஊழியர், ஒரு படிவத்துல தெரிஞ்சே தப்பா எழுதிட்டாராம்," என்று ஆரம்பித்தேன். அவன் டீயை வைத்துவிட்டு, "நீ என்னடா எழுதின?" என்றான். விழுந்தடித்துக்கொண்டு திரும்பினேன். அப்புறம் விளக்கக் கடிதங்கள். விரல் வழுக்கிவிட்டது என்று ஒன்று. கண்புரை என்று ஒன்று. பட்டியலில் அடுத்தடுத்த பெயர்கள் என்று ஒன்று எழுதி, போய்ப் பார்த்தால் அந்த இரண்டு பெயருக்கும் நடுவில் உலகத்தில் பாதி இருக்கிறது. ஓய்வூதியம் போய்விடும், சஸ்பெண்ட் ஆவேன், காலனிக் குழுவில் சுத்தியல் வீடியோ போட்டவர் என்னைப் போடுவார் என்றெல்லாம் ஓடிற்று. ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். எடுத்த நர்ஸ் இரண்டாம் முறை எடுத்தார். மாடிப்படியில் அவர் காலடி கேட்டால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். அந்தப் பதினொரு நாளில் நான் குளித்த குளியலுக்கு இரண்டு ஜன்ம அழுக்கு போயிருக்கும்.

அவர் தினமும் கேட்கவில்லை. அதுதான் மோசம். ஒருநாள் கொழுக்கட்டை மாதிரி மாவுப் பண்டம் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார், எனக்கு அலைச்சல் கொடுத்துவிட்டதற்காக. நான் அதைச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

"அந்த மனுசரு உங்கள நம்பி உக்காந்திருக்காரு. நீங்க எதுக்கு அவரக் கண்டா ஒளியுதிய?" என்றாள் மனைவி.

"ஒளியல. வயிறு சரியில்ல."

"மூஞ்சியும்தான் சரியில்ல."

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. மதியம் கடைக்காரம்மாவும் அந்தத் தைவான் பெண்ணும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். தைவான் பெண் தன் நாட்டு அலுவலகத்தில் பேசி, இவர் எங்கள் பாஸ்போர்ட்காரர்தான் என்று ஒரு கடிதம் வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார். கடைக்காரம்மா ஒரு தூக்கு நிறைய அரிசிக் கஞ்சி கொண்டுவந்திருந்தார், தன் சமையற்காரர் சாப்பிடுவதே இல்லை என்று. இரண்டு பேரும் என் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவருக்கு இவர் மொழி தெரியாது, இவருக்கு அவர் மொழி தெரியாது. ஆங்கிலம் கடைக்காரம்மாவுக்குப் பண்டப் பட்டியல் அளவுக்குத்தான். எனவே மாடியிலிருந்து இறங்கி வந்தவர், நடுவில் மூங்கில் மோடாவில் உட்கார்ந்து, தன்னைப் பற்றி அவர்கள் பேசியதைத் தானே இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். மகள் என் காதில் கொரியப் பக்கத்தைச் சொன்னாள்.

"எங்க ஆளுதான் இவர்னு சொல்றாங்கப்பா. உப்பு, காரம், கோபம் எல்லாம் எங்க ஊர்ன்னு. ஆனா பேப்பர்ல அப்படிக் கூட்டிட்டு வர முடியல, தைவான்காரர்னுதான் வேலைக்கு எடுத்தாங்களாம்."

அவர் அதைச் சீன மொழியில் சொன்னார், சாப்பாட்டுப் பட்டியலை ஒப்பிக்கிற குரலில். தைவான் பெண் பதில் சொன்னார். அதை அவர் கொரிய மொழிக்கு மாற்றினார், மகள் தமிழுக்கு.

"இப்படி ஜனங்க இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது, இவர் பேசறது எங்க ஊர்ல வயசானவங்க பேசின பேச்சு மாதிரி இருக்குங்கறாங்க. ஆனா பாஸ்போர்ட் நம்மளதுதானே, விட முடியுமாங்கறாங்க."

அப்புறம் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் ஏதோ கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். அந்தக் கேள்வியும் அவர் வாய் வழியாகத்தான் எனக்கு வர வேண்டியிருந்தது.

"ஸாஜங்நிம், மன்னிக்கணும். இவங்க கேக்கறாங்க. கொரியான்னு எழுதினது யார்?"

"கம்ப்யூட்டர்," என்றேன்.

அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் முழுதாகப் புரிந்துகொண்டார்கள்.

சமையலறை வாசலில் தட்டோடு நின்ற என் மனைவி சொன்னாள்: "கம்ப்யூட்டரு தானா எழுதுமாக்கும்? அன்னைக்குக் கையெல்லாம் வேர்த்து, துண்டு கேட்டிய. சொல்லுங்க. அவரு அம்மைய நெனச்சாவது சொல்லுங்க."

சொன்னேன். ஹிந்தியில், தலையைக் குனிந்துகொண்டு. பாஸ்போர்ட்டின் மேல் வரியைப் பார்த்துப் பயந்ததை, தைவான் என்று தெரிந்தே கொரியாவை அழுத்தியதை, பதினொரு நாளாக வேலை போய்விடும் என்று ஒன்றும் செய்யாமல் இருந்ததை. அவர் தன் வேலையைச் செய்தார். ஒருமுறை சீன மொழியில், ஒருமுறை கொரிய மொழியில். கடைக்காரம்மா கஞ்சித் தூக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தைவான் பெண் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எனக்குப் புரியவில்லை; திட்டுவார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு மகள் சொன்னாள். "அஜஷி தப்பா சொல்லிட்டாருப்பா. நீ சொன்னத சொல்லல."

"என்ன சொன்னார்?"

"சீனான்னு பாத்தா போலீஸ் என்னத் தொந்தரவு பண்ணும்னு பயந்து, என்னக் காப்பாத்த அப்படி எழுதிட்டாருன்னு சொன்னார். பதினொரு நாளப் பத்தி எதுவும் சொல்லல."

அன்றைக்கு நான் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேறு காரணம் இருந்தது.

திங்கட்கிழமை அவரோடு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த அதிகாரி என் தாளைப் படித்துவிட்டு, "நீங்களும் அரசாங்க வேலைதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத் தவிர எனக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. சஸ்பெண்ட் இல்லை, விசாரணை இல்லை, ஒரு மெமோகூட இல்லை. பதினொரு நாள் எதற்காக நடுங்கினேனோ அது ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

படிவம் சரியாயிற்று. ஆனால் சரியான படிவத்துக்கு போலீஸ் வீட்டை வந்து பார்க்க வேண்டும். பார்த்த அறிக்கை ஸ்டேஷனிலிருந்து போக வேண்டும். அப்புறம்தான் வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பம். எல்லோரும் முறைப்படிதான் செய்தார்கள். முறைப்படி செய்தால் எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்ன? பார்க்க வந்த போலீஸ்காரர் நல்ல மாதிரி. மாடிக்கு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "தைவான். அச்சா," என்று எழுதிக்கொண்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மேல் வரியை அவர் பார்க்கவே இல்லை.

இடையில் தீபாவளி வந்தது. அதையொட்டிச் சனி, ஞாயிறு. நகரத்தின் மேல் புகை இறங்கி, எதிர்வீட்டு மாடியே பழைய போட்டோ மாதிரி மங்கிவிட்டது. அந்தப் புகையில் அவர் தினமும் என்னோடு பஸ்ஸில் வந்து, காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே போய் அடையாள அட்டையைக் காட்டி, கொஞ்சம் ஜல்தி பாருங்கள் என்று கெஞ்சுவேன். கெஞ்சுகிறவர்களை இருபத்தாறு வருஷம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். எந்தக் குரல் எடுபடாது என்று தெரியும். அதே குரல்தான் எனக்கும் வந்தது.

காலை பதினொரு மணி போன்கள் சுருங்கிவிட்டன. அம்மாவால் அதிகம் பேச முடியவில்லை. நர்ஸ் போனைக் காதில் வைத்துப் பிடிப்பார். மாடியிலிருந்து அவர் குரல் மட்டும்தான் வரும். என் மனைவி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு நிற்பாள். அவள் மொழிபெயர்ப்பதையும் நிறுத்தியிருந்தாள்.

தீபாவளி கழிந்து பத்தாம் நாள் வந்தது. அன்று அவர் கடைக்கும் போகவில்லை, என்னோடு பதிவு அலுவலகத்துக்கும் வரவில்லை. மாடியில் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு புகையில் உட்கார்ந்து வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே போனேன். என்னிடம் எப்போதும் ஒரு நகைச்சுவை தயாராக இருக்கும். அன்றைக்கும் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டேன். அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

"மாஃப் கீஜியே," என்று மன்னிப்புக் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பாபிஜிகிட்ட இதைக் கொடுத்திடணும்," என்றார் வாணலியைக் காட்டி. பாபிஜி, அண்ணி, என்றது என் மனைவியை. "விமானத்துல எடை."

அனுமதி அடுத்த வாரம் வந்தது. மறுநாள் மதியம் அவர் கிளம்பினார். விமான நிலைய வாசலில் கடைக்காரம்மா அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டார். தைவான் பெண் ஒரு தாளில் தன் ஊரில் இருக்கும் அக்காவின் விலாசத்தை எழுதிக் கொடுத்து, ஒருவேளை அங்கே போக நேர்ந்தால் என்றார். அவர் அதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். நான் குனிவதற்குள் கூட்டத்தில் போய்விட்டார்.

இஞ்சியோனில் அவர் இறங்கியபோது கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அட்டை செல்லாது என்று எடுத்துக்கொண்டு, அவரைப் பார்வையாளராக உள்ளே விட்டார்கள். கொடுத்த நாட்கள் முழுக்க அவர் காலையிலிருந்து மாலைவரை மருத்துவமனையில் இருந்தார். அவை முடிந்ததும் தைவானுக்குப் போனார். அங்கே போன ஆறாம் நாள் அவர் அம்மா இறந்துபோனார்.